மூலையில் ஒரு டைல் குறைந்த சதுரம்

மக்களே, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் தம்பி பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணினான். கணக்குப் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன், பேச்சோடு பேச்சாக, "அப்பா, ஒங்களுக்குப் படிக்கும்போதே கணக்கு நல்லா வருமோ?" என்று கேட்டான். பஸ் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை. வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காவுக்கு இந்தக் கதையில் முக்கால்வாசி தெரியும். மிச்சக் கால்வாசி அவளுக்கும் தெரியாது, உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. தம்பிக்கு ஒன்றுமே தெரியாது. அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. நானும் அக்காவும் கணக்கு நோட்டைத் திறந்தால் அவன் மட்டையை எடுத்துக்கொண்டு கரமனை ஆற்றங்கரைக்கு ஓடிவிடுவான். பஸ் வருகிறது என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டாம் என்றுதான் இப்போது பேனாவை எடுத்தேன்.

நான் தென்காசிப் பக்கத்தில் இருந்து பதினேழு வயதில் இந்த மலையாளத்து ஊருக்கு வந்தேன். வந்த முதல் வாரம் நடந்ததை நீங்கள் எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். அறைக்குள் இருந்து மேஸ்திரி "வீதி எத்ர?" என்று கத்தினார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், ஒரு ஆட்டோவை ஒதுங்கச் சொல்லி, இந்த மதிலில் இருந்து அந்த மதில் வரைக்கும் அளந்து, பன்னிரண்டு அடி என்று வந்து சொன்னேன். மலையாளத்தில் வீதி என்றால் அகலம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டது குளியலறையின் அகலம். ஒரு வருஷம் வரைக்கும் அந்த வேலையிடத்தில் என் பெயரே வீதிதான்.

நம் வீட்டுக்குள் இன்னொரு சொல் இருந்தது. அக்கா இரண்டாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் நான் அவளிடம், பதினாலில் ஆறைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டேன். அவள் விரலை மடக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஆரு கழிச்சா, அப்பா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கழிப்பது என்றால் சாப்பிடுவது. ஆறு எதையோ யாரோ தின்றுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். அன்றையில் இருந்து அம்மா சோறு போட்டுவிட்டு, "கழிச்சாச்சா?" என்று கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் "மிச்சம் எட்டு" என்று பதில் சொல்வீர்கள். அக்கா ஏழாம் வகுப்பில் எக்ஸும் ஆறும் கூட்டினால் பதினாலு என்கிற மாதிரிக் கணக்கு வந்தபோது, அவளே அதற்கு விளக்கம் சொன்னாள்: இந்தப் பக்கத்துக்காரன் ஆறு கழித்தால் அந்தப் பக்கத்துக்காரனும் ஆறு கழிக்க வேண்டும், ஒரு வீட்டில் ஒருவனுக்கு மட்டும் சோறு போட்டால் சண்டை வரும். எனக்கு அதுவரைக்கும் சமன்பாடு என்றால் என்னவென்று இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னாலேயே தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

அப்படித் தலையாட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று ஒரு படிவம் தந்தார்கள். அப்பாவின் தொழில், அப்பாவின் படிப்பு. எனக்கு முன்னால் நின்றவர் வங்கிக்காரர். அவர் எழுதிய பேனாவைத்தான் வாங்கி எழுதினேன். தொழில் என்ற இடத்தில் டைல் வேலை என்று உள்ளபடி எழுதிவிட்டேன். படிப்பு என்ற இடத்தில் கை கொஞ்சம் நின்றது. பிறகு எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதியது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியது நிஜம். மற்றப் பாடமெல்லாம் பாஸ். கணக்கில் இருபத்தேழு. முப்பத்தைந்து வேண்டும். மறுபடி எழுதலாம் என்றார்கள், நான் எழுதவில்லை. அந்த எஸ்.எஸ்.எல்.சி. ஒவ்வொரு வருஷமும் அக்காவின் கூடவே அடுத்த வகுப்புக்கு ஏறியது. புது மார்க் கார்டு வரும்போதெல்லாம் முதல் பக்கத்தில் ஆசிரியை அழகான கையெழுத்தில் எழுதித் தருவார்: அப்பா, எஸ்.எஸ்.எல்.சி.

ஒன்பதாம் வகுப்பில் அவள் ஒரு நாள் 'மட்டத்ரிகோணம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தாள். நான் படித்தபோது அதற்குச் செங்கோண முக்கோணம் என்று பெயர். அந்தப் பெயரில் அது என்னிடம் ஒட்டவே இல்லை. மட்டம் என்றதும் எனக்கு டூல்ஸ் பையைத் திறக்கத் தோன்றியது. மூலை மட்டத்தை எடுத்து அவள் புத்தகத்தின் மேலேயே வைத்தேன். "இதுதான் மக்ளே ஒன் மட்டத்ரிகோணம். இதை வச்சுத்தான் நான் இருவது வருஷமா சோறு கழிக்கேன்." பிறகு ஒரு நூலை எடுத்து, சுவரோரமாக மூன்று அடியில் ஒரு குறி, இந்தப் பக்கம் நாலு அடியில் ஒரு குறி, குறுக்கே இழுத்தால் சரியாக ஐந்து அடி வரவேண்டும், வந்தால் அறை மட்டம், வராவிட்டால் கட்டினவன் கோணலாகக் கட்டியிருக்கிறான் என்று காட்டினேன். அவள் புத்தகத்தையும் நூலையும் மாறிமாறிப் பார்த்தாள். மறுநாள் வகுப்பில் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். என் அப்பாவுக்குக் கணக்கு அறியும் என்று.

எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் அவளுக்குக் கெடுதலாகப் போனது.

பத்தாம் வகுப்பில் இரண்டாம்படிச் சமன்பாடு வந்தது. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவாள். நான் வேலையில் இருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நோட்டைப் பார்ப்பேன். எக்ஸின் தலையில் ஒரு குட்டி இரண்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் குட்டி இரண்டைப் பார்த்தால் எனக்குத் தென்காசிப் பரீட்சை அறையின் பெஞ்சு ஞாபகம் வந்துவிடும். "இது சுலபம்லா. சார் சொன்ன வழிலயே போடு, தானா வரும்" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஓணப் பரீட்சை வரைக்கும் இப்படியே ஓட்டினேன். சுலபம் என்று அப்பா சொன்னது தனக்கு வரவில்லை என்றால் குறை தன் தலையில்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் கணக்குக்கு 'டி' வந்தது. இங்கே 'டி பிளஸ்' வந்தால்தான் மேலே படிக்கலாம். கார்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தவள் மார்க் உள்ள பக்கத்தைக் காட்டவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"அப்பா டியூஷன் இல்லாம, லைட் இல்லாத வீட்டுல இருந்து பாஸானது. நான் எல்லாம் இருந்தும் தோத்தேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். பிறகு, மார்ச் பரீட்சைக்குப் போகவில்லை என்றும், நாகர்கோவிலில் சித்தியின் தையல் கடைக்குப் போய்விடுவதாகவும் சொன்னாள். தையலுக்கு எக்ஸ் வேண்டாம் அல்லவா என்று கேட்டாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. என்று இருந்த பக்கத்தை மூடி, மார்க் பக்கத்தில் போட்டேன். அடுக்களையில் இருந்து உங்கள் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கேட்டியளா, பிள்ளைக்க மொகத்தப் பாத்தியளா?" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை டெரஸுக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். ஒரே ஒரு கணக்கு, அதுவும் எனக்காக என்று சொன்னேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, துணி காயப்போடும் கயிற்றுக்கு அடியில் உட்கார்ந்து, எனக்கு மலையாளம் வேகமாக வாசிக்க வராது என்பதால் அவளே வாசித்தாள். ஒரு அறையின் கணக்கு: செவ்வகமான அறையின் நீளம் வீதியைவிட இரண்டு மீட்டர் கூடுதல், பரப்பளவு நாற்பத்தெட்டு, நீளம் எவ்வளவு, வீதி எவ்வளவு?

"தெருவில்ல அப்பா, அகலம்" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் வாயில் வந்த முதல் கேலி அது.

பதில் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆறும் எட்டும். நாற்பத்தெட்டு டைல் என்றால் எப்படியெல்லாம் அடுக்கலாம் என்பது கைக்கே தெரியும். சொன்னேன். அவள் அலுத்துக்கொண்டாள். "பதில் ஆருக்கு வேணும்? பதில் மட்டும் எழுதுனா மார்க் இல்ல. எப்படி வந்துன்னு காட்டணும். இதுக்கு வர்க்கத்திகவு செய்யணும். அதுதான் எனக்குத் தலைல ஏறல்ல."

"திகவுன்னா?"

"முழுசா ஆக்குறது. செவ்வகத்தை வர்க்கம், அதான் சதுரம், ஆக்கணும். ரெண்டு பக்கமும் ஒண்ணு கூட்டணும்னு புஸ்தகத்துல இருக்கு. அந்த ஒண்ணு எங்கேருந்து வருதுன்னுதான் அறியல்ல."

எனக்கும் தெரியவில்லை. ஆனால் செவ்வகம், சதுரம் என்று கேட்டபோது கை சும்மா இருக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கில் குளியலறைக்குப் போடுகிற நாலு அங்குல வெள்ளை டைல் மிச்சம் கிடந்தது. சாக்கோடு தூக்கிவந்தேன். டெரஸ் தரையில் நாற்பத்தெட்டை எண்ணி அடுக்கினேன். வரிசைக்கு எட்டு, ஆறு வரிசை. ஆறுக்கு ஆறு சதுரத்தைவிட இரண்டு நெட்டு வரி கூடுதலாகப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. இதைச் சதுரமாக்கு என்று வீட்டுக்காரர் யாராவது சொன்னால் நான் என்ன செய்வேன்? நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வரியில் ஒன்றை உருவி, அடியில் படுக்கப் போடுவேன். அப்படியே செய்தேன். ஆறு டைலையும் அடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி மூலை காலியாக இருந்தது. கையில் டைல் இல்லை.

"ச்சே, ஒண்ணு திகையல" என்றேன்.

வேலையிடத்தில் நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல். கலவை திகையல, டைல் திகையல, சிமெண்ட் திகையல. போதவில்லை, முழுசாகவில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சாக்குக்குள் கையை விட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்ன சொன்னீங்க?"

"ஒண்ணு திகையலன்னேன்."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். காலி மூலையைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே சாக்கில் இருந்து ஒரு டைலை எடுத்து மூலையில் வைத்தாள். விரலை வைத்து எண்ணினாள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, நாற்பத்தொன்பது. "வீதியோட ஒண்ணு சேந்தா ஏழு. அப்போ வீதி ஆறு" என்று தனக்குத்தானே சொன்னாள். நோட்டை எடுத்து மடமடவென்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, அந்த மூலை டைலை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ மாளிகைகளுக்குத் தரை போட்டிருக்கிறேன். அந்த நாற்பத்தொன்பது டைலை அவள் பார்த்தது போல ஒரு தரையை யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

அப்போதுதான் கேட்டாள். "ஒங்க சாரும் அப்போ இப்படித்தான் சொல்லித் தந்தாரா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தக் காலை நன்றாகவே முடிந்திருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ் கார்டின் முதல் பக்கம் என் கண் முன்னால் நின்றது. அவள் சித்தி கடைக்குப் போனாள் என்றால் அந்த நாலு எழுத்துதான் அவளை அனுப்பியது என்று ஆகும்.

"சார் சொல்லித் தந்திருப்பாரு. எனக்கு மனசிலாவல. நான் கணக்குல தோத்தவன் மக்ளே" என்றேன்.

"எந்தப் பரீட்சைல?"

"பத்துல. கணக்குல மட்டும். பொறவு எழுதவே இல்ல."

"அப்போ கார்டுல இருக்கது?"

"கள்ளம்" என்றேன். பொய் என்று தமிழில் சொல்ல வாய் வரவில்லை. மலையாளத்தில் சொல்லும்போது கொஞ்சம் தூரத்தில் இருந்து சொல்வது போல இருந்தது.

மூலை டைல் அவள் கையில் இருந்தது. அதைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். நான் வெயில் ஏறும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். பிறகு டைலையெல்லாம் சாக்கில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, கல்யாணத்துக்கு முன்னாடியே என் அம்மை இதைச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். பதினேழு வருஷம் தெரிந்தே இருந்திருக்கிறாள். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். நான் பாஸான மாதிரி நடந்துகொள்வது பார்க்க நன்றாக இருந்தது என்றாள்.

இரண்டு நாள் அக்கா என்னிடம் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்தபோது, நாற்காலியில் ஒரு புது நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் 'அப்பா', அந்தப் பக்கம் 'நான்'. கீழே ஐந்து கணக்கு. அவள் கதவருகில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"தோத்தவங்க ரெண்டு பேரும் சேந்து எழுதலாம். போடுங்க."

ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் இப்படித்தான் போயிற்று. ஆறரை மணிக்கு உட்காருவோம். அவள் கணக்கை வாசிப்பாள், நான் தமிழில் எழுதிக்கொள்வேன். இரண்டு பேரும் தனித்தனியாகப் போடுவோம். பிறகு அவள் பக்கத்தை நானும் என் பக்கத்தை அவளும் திருத்துவோம். சிவப்புப் பேனா அவளிடம்தான். முதல் வாரம் ஐந்தில் எனக்கு ஒன்று, அவளுக்கு மூன்று. என் பக்கத்தின் கீழே பெரிதாக 'டி' என்று போட்டாள். "அப்பாவுக்கும் ஒரு பிளஸ் திகையல" என்றாள். அதன் பிறகு அந்த நோட்டில் தப்புக்குத் தப்பு என்று பெயரே இல்லை. பிசகின இடத்தில் வட்டம் போட்டு 'திகையல' என்று எழுதிவிடுவோம். என்ன குறைகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது எழுதியவர் பொறுப்பு.

எனக்குப் பழக்கமில்லாதது வழியைக் காட்டி எழுதுவதுதான். தரை போட்ட வீட்டுக்காரர் யாரும் எப்படி வந்தது என்று கேட்பதில்லை, கோணல் இல்லாமல் வந்ததா என்றுதான் பார்ப்பார். இவள் விடமாட்டாள். ஒரு வரியில் இருந்து அடுத்த வரிக்கு நான் தாவினால் உடனே பேனாவால் தட்டுவாள். இங்கே யார் எதைக் கழித்தார் என்று கேட்பாள். இரண்டு பக்கமும் கழித்தார்களா, இல்லை ஒருத்தன் மட்டும் கழித்துவிட்டு ஓடிவிட்டானா என்று கேட்பாள்.

அந்த அறைக் கணக்குக்கு இன்னொரு விடையும் உண்டு என்று அவள்தான் கண்டுபிடித்தாள். எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் நாற்பத்தொன்பது? ஏழு மட்டுமல்ல, மைனஸ் ஏழும். அப்படியானால் வீதி மைனஸ் எட்டு. நான், மைனஸ் எட்டு மீட்டர் அகலத்தில் எவன் வீடு கட்டுவான், அதற்கு எந்தப் பக்கம் நின்று டைல் போடுவது என்று கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீளத்துக்குத்தான் வராது அப்பா. வெறும் எண்ணு கேட்டா அதுவும் வரும். அப்போ ரெண்டையும் எழுதணும். ஒண்ணை விட்டா மார்க் போவும்" என்றாள். அதை நான் மறக்கவில்லை.

பொங்காலை அன்றைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அம்மா இரண்டு நாள் முன்னாலேயே ரோட்டோரம் மூன்று செங்கல் வைத்து இடம் பிடித்திருந்தாள். கோயிலுக்குப் பொங்கல் வைக்கிற பெண்கள் கூட்டம், ஊரெல்லாம் அடுப்பு. எல்லா ரோடும் அடைத்துவிட்டதால் எனக்கு வேலை இல்லை. நானும் அக்காவும் டெரஸில் உட்கார்ந்து தொடுகோடு போட்டோம். அவள் அதைத் தொடுவரை என்பாள். வட்டத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போகாமல் அப்படியே ஓடிவிடுகிற கோடு. நான் காம்பஸுக்குப் பதில் ஆணியும் நூலும் வைத்துத் தரையில் வட்டம் போட்டேன். நாலாபுறமும் புகை ஏறிவந்து கண் எரிந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கணக்குப் போட்டோம். மத்தியானம் அம்மா பானையோடு, முகமெல்லாம் கரியாக வந்தாள். பொங்கிச்சா என்று கேட்டேன். பொங்கிச்சு, அங்கே என்ன ஆச்சு என்றாள். "எக்ஸ் கிட்டியாச்சு" என்று அக்கா சொன்னாள். அன்றைய பாயசத்தை ருசித்து ருசித்துக் கழித்தோம்.

இப்போது அக்கா கொச்சியில் ஒரு ஆபீசில் வீட்டு பிளான் வரைகிறாள். லீவுக்கு வந்தால் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். தம்பியும் அப்படித்தான். குறை சொல்லவில்லை. சாயங்காலம் ஆறரை ஆனால் கை என்னையறியாமல் பேனாவைத் தேடுகிறது, அவ்வளவுதான். நோட்டு என் டூல்ஸ் பைக்குள் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எனக்கு ஐந்தில் நாலு. அவளுக்கு ஐந்து.

அவள் மார்ச்சில் பரீட்சை எழுதினாள். சித்தியின் தையல் கடைப் பேச்சு பிறகு எழவே இல்லை. ரிசல்ட் உங்களுக்குத் தெரியும், கணக்குக்கு 'சி பிளஸ்'. ஒரு பிளஸ் கேட்ட இடத்தில் ஒரு எழுத்தும் சேர்த்து வந்தது என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

இதுவரைக்கும் அக்காவுக்குத் தெரிந்த முக்கால்வாசி. மிச்சம் கணக்குப் பரீட்சை அன்று காலையில் நடந்தது.

அன்று நான் பேரூர்க்கடையில் ஒரு புது வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவர் வரவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. படுக்கையறைத் தரை கூட்டிச் சுத்தமாக இருந்தது. நூல் கட்டியாயிற்று, கலவை போட வேண்டியதுதான் பாக்கி. ஒன்பதரை மணிக்கு அவளுக்குக் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். கரண்டியைக் கையில் எடுத்தேன், வேலை ஓடவில்லை. கீழே வைத்தேன்.

என் பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் ஒரே ஒரு கணக்கு மட்டும் எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. மணி அடிக்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அடுத்தடுத்த இரண்டு இரட்டைப்படை எண்களின் பெருக்குத்தொகை நூற்று அறுபத்தெட்டு, அவ்வெண்கள் யாவை? அன்றைக்கு அந்த இடத்தில் கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு வந்தேன்.

காதில் இருந்த பென்சிலை எடுத்தேன். மண்டியிட்டு, அந்தக் கான்கிரீட் தரையில், அறையின் மூலையில் அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதினேன். ஒன்று எக்ஸ் என்றால் மற்றது எக்ஸ் கூட்டல் இரண்டு. நீளம் வீதியைவிட இரண்டு கூடுதல். அதே அறைதான், கொஞ்சம் பெரிய அறை. ஒரு வரியை உருவி அடியில் போட்டால் மூலையில் ஒன்று திகையாது. இரண்டு பக்கமும் ஒன்று. நூற்று அறுபத்தொன்பது. பதின்மூன்று பதின்மூன்று. ஒரு வரிக்கும் தாவாமல், ஒவ்வொரு வரியாக, எப்படி வந்தது என்று காட்டி எழுதினேன். பன்னிரண்டு, பதினாலு என்று எழுதிக் கோடு போட்டேன்.

பிறகு ஞாபகம் வந்தது. இது அறை இல்லை, வெறும் எண். கீழே இன்னொரு வரியில் மைனஸ் பதினாலு, மைனஸ் பன்னிரண்டு என்று எழுதினேன்.

பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. அதன்மேல் கலவையைப் பரப்பி, முதல் டைலை வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மட்டமாக இருந்தது. அடுத்த டைலை எடுத்தேன்.